ஓடை இடம் மாறிய வருடம்

ஆஷென்ரோட்,
26 மே 1974

அன்பு மகன் ஹென்னிங்குக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவின் இடுப்பைத் தவிர. கீல் துறைமுகத்தில் இன்னும் குளிர்காற்று அடிக்கிறதா? கம்பளி உள்சட்டையை அதற்குள் பெட்டியில் போட்டுவிடாதே. சிவப்புப் பசு இரட்டைக் கன்று ஈன்றிருக்கிறது.

நம் ஊரையும் ஓடைக்கு அப்பாலுள்ள மரியென்பாக்கையும் டவுனோடு சேர்த்த பிறகு, ஊரே கூடி எல்லைக் கற்களைப் பார்த்துவரும் முதல் எல்லை நடை போன வியாழக்கிழமை நடந்தது. டவுனிலிருந்து புது வரைபடம் அனுப்பியிருந்தார்கள். அப்பா அதை அடுப்புப் பற்றவைக்க எடுத்துக்கொண்டார். "ஊரை முழுங்கினவன் இப்ப எல்லையையும் சொல்லித் தர்றானா? ஓடையோட நடுதான் நம்ம எல்லை. எங்க தாத்தன் காலத்துலேருந்து அதான் கணக்கு" என்று கத்தினார். ஊர்த்தலைவராயிற்றே, அவர் சொல்லிவிட்டால் அப்பீல் உண்டா?

பிப்ரவரி வெள்ளம் கடைசி எல்லைக் கல்லை அடித்துக்கொண்டு போய்விட்டது. புதுக் கல்லை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு, பேண்டு முழங்க, அப்பா முன்னால் நடந்தார். மேட்டுப் பக்கம் வெள்ளம் ஓடையையே மரியென்பாக்குக்குள் தள்ளிவிட்டிருந்தது அவருக்குத் தெரியாது. அந்தப் பக்கம் அவர் இரண்டு வருடமாகக் காலெடுத்து வைக்கவில்லை. "கத்தோலிக்க ஊர்ப் பொண்ணு, ஓடைக்கு அந்தாண்ட பொறந்தவ, என் மேசையில உட்கார மாட்டா" என்று அவர் சொல்லி, நீ ரயிலேறினாயே, அன்றிலிருந்து. கூட வந்த மற்றவர்களுக்கு எல்லாம் தெரியும். ஒருவனும் வாய் திறக்கவில்லை, கழுதைகள்!

ஓடையைப் பிடித்துக்கொண்டே போனோம். அது எங்களை உன் வால்புர்காவின் வீட்டுக் கொல்லைக்கே கொண்டுபோய் விட்டது. அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முன்பு நமக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஓடிய ஓடை இப்போது அவளுக்குப் பின்னால் ஓடியது. நாங்களும் அவளும் ஒரே கரையில் நின்றோம்.

பேண்டு நின்றுவிட்டது. அப்பா ஓடையைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், மறுபடி ஓடையைப் பார்த்தார். வால்புர்கா கையிலிருந்த துணியைக் கூடையில் போட்டுவிட்டு, "அப்போ நான் இப்ப உங்க ஊரா மாமா?" என்று கேட்டாளே! சிரிப்பை அடக்க நான் ஏப்ரன் நுனியை வாயில் அடைத்துக்கொண்டேன்.

அப்பாவின் முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது. வரைபடத்தை எரித்தவர் எதைக் காட்டி மறுப்பார்? கல்லை அங்கேயே, அவள் முட்டைக்கோஸ் பாத்திக்குப் பக்கத்தில் நடச் சொன்னார். ஊருக்குப் புதிதாக வந்தவரைக் கல்மேல் மூன்று முறை உட்காரவைத்து எடுத்தால்தானே ஊரார் ஆவது? அவளே வந்து கைகளை நீட்டிக்கொண்டு நின்றாள். தூக்க ஆள் யாரும் நகரவில்லை. அவரைத்தான் பார்த்தார்கள். கடைசியில் அப்பா கோட்டைக் கழற்றி மடித்துக் கல்மேல் போட்டார். "தூக்குங்கடா. மெதுவா. கல்லு கூரா இருக்கு" என்றார்.

அன்று மதியம் அவள் நம் மேசையில் உருளைக்கிழங்கு சூப் சாப்பிட்டாள். அப்பா உப்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். நான் சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இலையுதிர் காலத்தில் டவுனிலிருந்து நில அளவைக்காரர்கள் வருகிறார்களாம். ஓடை எங்கே ஓடினாலும் எல்லை பழைய இடம்தான், அவள் வீடு அந்தப் பக்கம்தான் என்று எழுதிவிடுவார்களாம். அப்பாவுக்கும் தெரியும். நேற்று தொழுவத்திலிருந்தபடியே, "அவனுக்கு லீவு எப்பவாம்?" என்று கேட்டார். இரண்டு வருடத்தில் உன்னைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி இது.

கர்த்தர் உன்னைக் காப்பாராக. அளவைக்காரர்கள் வருவதற்குள் வந்துவிடப்பா.

உன் அம்மா,
இர்ம்கார்ட்