ஹைரம் ஓட்லி கொடுத்த ஒன்பது ஏக்கர்

புத்தூர்
3 ஜூன் 2025

அன்புள்ள லோகு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். உன் அமெரிக்க மருமகளின் எள்ளுத்தாத்தாவைப் பற்றி நான் எழுதியதில் பெயரைத் தவிர ஒன்றும் உண்மையில்லை. வாட்ஸ்அப்பில் போட்டால் அந்தப் பெண் பட்டனைத் தட்டி இங்கிலீஷில் படித்துவிடும். அதனால்தான் தபால்.

உன் மகன் திலீப் கல்யாணத்துக்குத் திருப்பதி வரும் சொந்தக்காரர்கள் "பொண்ணு இன்னா வம்சம்?" என்று கேட்பார்கள், ஹைரம் ஓட்லி என்று ஒருத்தர் அந்தக் காலத்து ஒஹாயோ மாநில எம்.எல்.ஏ.; அவர் சரித்திரத்தைச் சுருக்கித் தமிழில் நோட்டீஸ் போடு என்று நாற்பது பக்கம் அனுப்பினாய். நாலு பக்கம் படித்தேன், தூங்கிவிட்டேன். நானோ தலைவர்களுக்கு வாழ்க்கை வரலாறு எழுதியே ஃப்ளெக்ஸ் கடை நடத்துகிறவன். நம் மண்டலத்துக் கட்சித் தலைவர் ஒருத்தருக்கு முன்பு எழுதியதை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றினேன். அப்படித்தான் ஓட்லி பாதயாத்திரை போனார், கண் சிகிச்சை முகாம் நடத்தினார், தன் நிலத்தில் உழைத்தவர்களுக்கு ஒன்பது ஏக்கர் எழுதிக் கொடுத்தார். பந்தியில் உன் சித்தப்பாவே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அத்தோடு போயிருக்கலாம். மருமகள் அதையும் போனில் இங்கிலீஷாக்கிப் படித்து உருகி, வடமாலபேட்டையில் உங்கள் இரண்டு ஏக்கரை இருபது வருஷமாக உழுகிற சென்னம்மாவுக்கே கொடுக்கச் சொல்ல, நீயும் தலையாட்டிவிட்டாய். நேற்று சென்னம்மா கடைக்கு வந்தாள். "இன்னா எத்திராஜண்ணா, மெய்யாலுமே எழுதிக் குடுக்கிறாங்களா? எம் மருமவ நம்பாம சிரிச்சிக்கினு கீறா" என்றாள். ராத்திரியே அந்த நாற்பது பக்கத்தைத் தேடி எடுத்தேன்.

இப்போது நாற்பது பக்கமும் படித்தாயிற்று. ஓட்லி மாவு மில் முதலாளி. 1855-இல் ஜெயித்தார். இரண்டு தடவை கட்சி மாறினார். சபையில் ஒரே தடவை பேசினார், தெருவில் பன்றி திரியக்கூடாதென்று. அடுத்த தேர்தலில் பத்தொன்பது ஓட்டில் தோற்றார். பக்கத்து விதவை மேல் கேஸ் போட்டு அவள் நிலத்தைப் பிடுங்கினார். யாருக்கும் ஒரு சென்ட்கூடக் கொடுத்ததாக இல்லை.

இனி உன் இஷ்டம்.

பாவி
எத்திராஜ்


கொலம்பஸ்
28 ஜூன் 2025

டேய் எத்திராஜ்,

உன்னைத் திட்டியதில் எனக்குத் தெரிந்த தெலுங்கு முழுக்கத் தீர்ந்துவிட்டது. மருமகளிடம் சொன்னேன். "விதவை நிலத்தையா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

நிலத்தைக் கொடுக்க வேண்டாமென்றுதான் நானும் நினைத்தேன். அப்புறம் யோசித்தேன். வெள்ளைக்காரர் கொடுக்கவில்லை, சரி. நம் மண்டலத்து ஆள் ஒன்பது கொடுத்திருக்கிறாரே! அவர் என்ன தெருவுக்கா வந்துவிட்டார்? இரண்டு கொடுத்து நான் குறைந்தா போவேன்? ஆகஸ்டில் வருகிறேன். சாட்சிக் கையெழுத்து நீதான் போடுகிறாய்.

லோகேஸ்வரன்


புத்தூர்
30 செப்டம்பர் 2025

அன்புள்ள லோகு,

சென்னம்மா பெயரில் நிலத்துக்குப் பட்டா பாஸ்புக் வந்துவிட்டது. கடைக்கே எடுத்து வந்து காட்டினாள். "நீ எழுதினதாலதாண்ணா" என்றாள். நான் ஃப்ளெக்ஸ் சுருட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

உன் கடிதம் கிடைத்த அன்றே இதை எழுதியிருக்க வேண்டும். ரிஜிஸ்டர் ஆபீஸில் உன் பக்கத்தில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தபோதாவது சொல்லியிருக்கலாம். சாட்சிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

அந்த மண்டலத் தலைவருக்கு எழுதியபோது நோட்டீஸின் அடியில் மூன்று வரி காலியாக இருந்தது. அதை நிரப்ப ஒன்பது ஏக்கரை நான்தான் போட்டேன்.

எத்திராஜ்