எஞ்சினுக்குள் கிடந்த துணி

பே சிட்டி, மிச்சிகன்
பிப்ரவரி 9, 2006

தம்பி டுவெய்னுக்கு அக்கா டார்லீன் எழுதுவது. நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. அரிசோனா வெயிலில் உனக்கென்ன கேடு? நன்றாகத்தான் இருப்பாய்.

இங்கே கார் படுத்துவிட்டது. திங்கட்கிழமை அப்பாவை ரத்தம் சுத்திகரிக்கக் கூட்டிப் போகும்போது, பாலத்தின் மேலேயே ஆவி கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. கொட்டுகிற பனியில் முக்கால் மணி நேரம், என் கோட்டையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு அப்பா உள்ளே நடுங்கினார். வாரம் மூன்று முறை அந்த மெஷினில் அவரைச் சேர்க்காவிட்டால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நேற்று பக்கத்து வீட்டு ஐரீனிடம் பல்லைக் காட்டி அவள் காரில் போனோம். நாளைக்கும் காட்ட வேண்டும்.

காரை நார்பர்ட்டின் பட்டறைக்கு இழுத்துப் போனேன். ஆயில் மூடியைத் திறந்து பார்த்தவர், "என்னம்மா, இது எஞ்சினா காபிக் கடையா?" என்றார். மூடிக்கு அடியில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் ஒட்டிக் கிடந்தது. எஞ்சின் மேல்பாகத்தை அடைக்கும் இன்டேக் கேஸ்கட் கசிந்து, குளிர்விக்கும் கூலன்ட் தண்ணீர் ஆயிலில் கலந்திருக்கிறதாம். மாற்ற எழுநூற்று நாற்பது டாலர். கேஸ்கட் அறுபதுதான், மேலே இருப்பதை எல்லாம் கழற்றி மாட்டும் கூலிதான் மிச்சம். "அதெப்படி? மூணு வருஷம் முன்னாடிதான் என் தம்பி பெரிய ரிப்பேர் கடையில குடுத்து மாத்தினான்" என்று அந்த மனிதரோடு சண்டைக்கே போனேன். உனக்காக! என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அன்றைக்கு அந்தப் பணத்துக்கு அப்பா எதை விற்றார், ஞாபகம் இருக்கிறதா? வளைகுடா உறைந்ததும் பனிக்கட்டிமேல் இழுத்துப் போய், உள்ளே அடுப்பு மூட்டி, கட்டியில் துளை போட்டு மீன் பிடிப்பாரே, தன் கையால் அடித்த அந்த மரக்குடிலை. எழுநூறு டாலரை உன்னிடம் கொடுத்து, "கடையிலயே குடுடா, உன் கைவேலை வேணாம்" என்றார். சாயங்காலம் காரோடு வந்து, "புதுசாட்டம் பண்ணிக் குடுத்துட்டாங்கப்பா" என்றாய். அந்த வாரமே அரிசோனாவுக்குப் பஸ் ஏறினாய்.

நேற்று மத்தியானம் நார்பர்ட் எஞ்சினின் மேல்பாகத்தைத் திறந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். உள்ளே ஒரு துணி. பழைய கேஸ்கட்டைச் சுரண்டும்போது தூசி விழாமல் இருக்க எல்லோரும் துணி அடைப்பார்களாம். "மூடுறதுக்கு முன்னாடி எடுக்கணும்னு கத்துக்குட்டிக்குக்கூடத் தெரியுமே" என்று சிரித்துக்கொண்டே அதைப் பிழிந்து விரித்தார். உன் பழைய வேலைச் சட்டை, டுவெய்ன். முன்பக்கத் துண்டு. பை மேலே சிவப்பு நூலில் உன் பெயர். நார்பர்ட் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கையைத் துடைக்கப் போய்விட்டார்.

வேலை தெரியாதது குற்றமில்லை. திருட்டு வேலையைக்கூட உருப்படியாகச் செய்யத் தெரியாத மடையனே, சொந்த அப்பாவிடமா?

பழுதுக்கான பணத்தை நானே கட்டிக்கொள்கிறேன். ஊறுகாய்த் தொழிற்சாலையில் கூடுதலாக ஒரு ஷிப்டு போட்டால் போகிறது. உன் பணம் எனக்கு வேண்டாம். பிரச்சினை வேறு. துணி விஷயத்தை அப்பாவிடம் நான் சொல்லவில்லை. கேஸ்கட்டின் போல்ட்டுகளைச் சரியாக முறுக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் அந்தக் கடைக்காரன்மேல் பாய்கிறார். "என் பையன் சின்னப் பையன்னு ஏச்சிட்டானுங்க" என்று காலையிலிருந்து பொருமுகிறார். ஞாயிற்றுக்கிழமை சீட்டாட்டத்தில் எல்லார் முன்னாலும் அந்தக் கடையின் மானத்தை வாங்கப் போகிறாராம். ரசீது உன்னிடம் பத்திரமாக இருக்குமாம். அதைக் கேட்டு எழுதச் சொன்னார். எழுதுகிறேன் என்றேன். எதிர் நாற்காலியில்தான் இருக்கிறார்.

கடிதத்தை விரைவுத் தபாலில் போடுகிறேன், சனிக்கிழமைக்குள் வந்துவிடும். அன்றைக்கே போன் செய். அவரே எடுப்பார். நீயே உன் வாயால் சொல். என்னால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, டுவெய்ன், முடியவே முடியாது.

நான் பேனாவை அழுத்தி எழுதுவதைப் பார்த்துவிட்டு இப்போது சொல்கிறார்: "அவனத் திட்டி எழுதாதம்மா. பாவம், அவனும் ஏமாந்தவன்தானே. உடம்பப் பாத்துக்கச் சொல்லு."

சொல்லிவிட்டேன்.

உன் அக்கா,
டார்லீன்