கோணல் வீடு, பளபள முகம்

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

வணக்கம். நீங்கள் நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். ஆனால் காலையில் என்ன சாப்பிட்டீர்கள், மதியம் அதில் எவ்வளவு மிச்சம் வைத்தீர்கள், புதுச் சட்டையில் எந்தப் பொத்தான் அறுந்தது என்பதுவரை படம் பிடித்து அனுப்பிவிடுகிறீர்கள். உங்கள் நலத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. இங்கே நாங்கள் எப்படி இருக்கிறோம் என்பதுதான் உங்களுக்குத் தெரியாது. தினமும்தான் பார்க்கிறேனே என்பீர்கள். அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று நினைக்காதீர்கள். நீங்கள் வாங்கி அனுப்பிய போன் பாப்பா கையிலிருந்து வாளித் தண்ணீரில் விழுந்து எழுந்ததிலிருந்து, காதில் வைத்தால் ஒன்றும் கேட்பதில்லை. ஸ்பீக்கரில் போட்டால்தான் பேசுகிறது. போட்டால் மாடி வீட்டம்மாவரைக்கும் கேட்கிறது. போன வாரம் என்னைக் கனவில் பார்த்ததாகச் சொன்னீர்களே, மறுநாள் லிஃப்டில் அந்தம்மா என்னிடம், "கனவுலயாவது உன்னை ஒரு நிமிஷம் உட்கார விட்டாரா?" என்று கேட்டார். சரி, எழுத்தாக அனுப்பலாம் என்றால் போன் நாள் முழுக்க மாமாவின் சட்டைப் பையில் இருக்கிறது. டிங் என்று சத்தம் கேட்டால் போதும், பாப்பாவைக் கூப்பிட்டு உரக்கப் படிக்கச் சொல்கிறார். அவளும் பள்ளிக்கூடப் பாடம் மாதிரி நிறுத்தி நிதானமாகப் படிக்கிறாள். என் பழைய பட்டன் போனோ, இப்போது அவள் பொம்மைகளுக்குச் சொந்தம்.

உங்களோடு துறைமுகத்தில் வேலை பார்க்கும் வெல்டர் விடுமுறை முடிந்து நாளை கிளம்புகிறாராம். இதை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். உறையின் ஓரத்தைப் பசை போட்டு ஒட்டி, அதற்கு மேல் ஒரு தையலும் போட்டிருக்கிறேன். திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை பார்ப்பவள் பசையோடு நிற்பாளா?

முதலில் போனின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். நன்றி கெட்டவள் என்று பெயர் வாங்க வேண்டாம். காலையில் எழுப்புகிறது, மழை வரும் என்கிறது, மின்சாரக் கட்டணம் கட்ட வரிசையில் நிற்க வேண்டியதில்லை. கடைக்கு வருகிறவர்கள் வீட்டு ஜன்னலையே படமெடுத்துக் கொண்டுவந்து காட்டிவிடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மாமாவும் மாடி வீட்டம்மாவும் லிஃப்டில் மாட்டிக்கொண்ட நாளை மறக்க முடியாது. கரண்ட் போய் உள்ளே ஒரே இருட்டு. அந்தம்மாவுக்கு மூச்சு முட்டியிருக்கிறது. மாமா போனிலேயே விளக்கைப் போட்டு, போனிலேயே மெக்கானிக்கைக் கூப்பிட்டு, அவர் வந்து சேரும்வரை போனிலேயே பழைய பாட்டாகப் போட்டு அந்தம்மாவைத் தேற்றியிருக்கிறார். மெக்கானிக் கதவைத் திறந்தபோது இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தார்களாம். இந்தப் பாட்டு முடியட்டும் என்று அவரை நிற்க வேறு வைத்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து மாமா போனைக் கீழே வைப்பதில்லை. அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். நடக்கும் அடிகளை எண்ணும் என்று தெரிந்ததும், நான் வீட்டில் தைக்கும்போது அதைத் தையல் மிஷினின் மிதியில் கட்டிவிட்டார். கணக்கை உங்களுக்கு அனுப்பினார். இந்த வயதிலும் அப்பா என்னமாய் நடக்கிறார் என்று நீங்கள் மெச்சினீர்கள், ஞாபகம் இருக்கிறதா? அத்தனையும் என் கால் நடந்தது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. போனில் மட்டம் பார்க்கும் வசதியும் இருப்பதைக் கண்டுபிடித்தார். உங்கள் அப்பாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிஸ்கட் கம்பெனியில் உடைந்த பிஸ்கட்டைப் பொறுக்கித் தள்ளியே ஓய்வு பெற்றவர், ஏதாவது குறை கண்ணில் படாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. போனைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தார். கோணல் என்றது. கட்டிலில் வைத்தார், கோணல். ஃபிரிட்ஜ், அலமாரி, ஜன்னல் திட்டு, தரை என்று வைத்த இடமெல்லாம் கோணல். "புது வீடு, அதுக்குள்ள சாயுது பாரு. பில்டர் நம்ம தலையில நல்லா மிளகாய் அரைச்சுட்டான்" என்று குதித்தார்.

பிறகென்ன, வீட்டில் இருக்கும் அட்டைப்பெட்டிகளையெல்லாம் கிழித்து மடித்து ஒவ்வொரு காலுக்கும் முட்டுக் கொடுத்தார். நீங்களும் சேர்ந்துகொண்டீர்கள். அங்கே கிரேன் உச்சியில் உட்கார்ந்து பெட்டி இறக்குவது போதாதென்று, போன் வழியாக, "இன்னும் கொஞ்சம் வலது, போதும் போதும், லேசா இடது" என்று எங்கள் ஃபிரிட்ஜையும் இறக்கி வைத்தீர்கள். அப்பாவும் பிள்ளையும் கட்டளை போட்டீர்கள். தள்ளியது நான். மேசையில் வைத்த எலுமிச்சம்பழம் தானாக உருண்டு கீழே விழுந்தபோதுகூட மாமா வீட்டைத்தான் திட்டினார். சேதி பரவி, பக்கத்து வீடு, மாடி வீடு எல்லாவற்றுக்கும் போய் மட்டம் பார்த்துக் கொடுத்தார். கட்டடத்தில் அட்டைப்பெட்டிக்கே பஞ்சம் வந்துவிட்டது. குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர், மாமாவை முன்னால் நிறுத்திப் பில்டரைப் போய்ப் பார்ப்பது என்று கூட்டம் போட்டு முடிவே செய்துவிட்டார்.

இனி சொல்லப்போவதைப் படித்துப் பதறாதீர்கள். அப்படி முட்டுக் கொடுத்த அலமாரியின் உச்சியிலிருந்து மாவு டப்பா ஒருநாள் சறுக்கி என் தலையில் இறங்கிவிட்டது. புருவத்துக்கு மேலே தையல் போட்டார்கள். உச்சி முதல் கால்வரை மாவோடு போய் நின்றதால், காயம் எங்கே என்று நர்ஸ் முதலில் தேட வேண்டியிருந்தது. எனக்கு வலியை விட மாமாவைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதேம்மா" என்று கெஞ்சினார். கட்டு இருந்த நாளெல்லாம் நீங்கள் அழைக்கும்போது சமையலறைக்குள்ளிருந்தே குரல் கொடுத்தேன். அடுப்பில் வேலை இருப்பதாகச் சொன்னேன். நம்பினீர்கள்.

கட்டுப் பிரித்த பிறகு உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தேன். புருவத்துக்கு மேலே சிவப்பாக ஒரு கோடு, கண்ணைச் சுற்றிக் கருவளையம். என்ன ஆச்சு என்று நீங்கள் கேட்டால் மாமாவைக் காட்டிக்கொடுக்காமல் சொல்ல ஒரு பதிலும் தயாராக வைத்திருந்தேன். நீங்கள் உற்றுப் பார்த்தீர்கள். "என்ன, முன்னைவிடப் பளபளன்னு ஆயிட்டே! நான் இல்லாதது உனக்கு ஒத்துக்கிச்சு போல" என்று சிரித்தீர்கள். விடுமுறைக்கு வந்திருந்த உங்கள் தங்கை சிரித்தாள், பாப்பா சிரித்தாள், மாமாவும் நிம்மதியாகச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்று இருந்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள்தான் அதைக் கேட்டீர்கள். ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது, வீட்டில் எல்லாம் நன்றாகத்தானே போகிறது, இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடட்டுமா என்று. மாமா என்னைப் பார்த்தார். உங்கள் தங்கை என்னைப் பார்த்தாள். மேலே மாடி வீட்டம்மா நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. நான் "உங்க இஷ்டம்" என்றேன்.

அன்றிலிருந்து உங்கள்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். கூடவே வாழ்ந்த மனுஷனுக்கு என் நெற்றியில் இருக்கும் கோடு தெரியவில்லையே என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டே இருந்தேன். கோபத்தை எங்காவது காட்ட வேண்டுமே, அந்த அட்டைகளின் மேல் காட்டினேன். கடையில் திரைச்சீலைக் கம்பி மாட்டும்போது வைத்துப் பார்க்கும் ரசமட்டத்தை ஒருநாள் இரவல் வாங்கி வந்தேன். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு நீர்க்குமிழி, அவ்வளவுதான். சார்ஜ்கூடப் போட வேண்டாம். மேசைமேல் வைத்தால் குமிழி ஓரத்துக்கு ஓடியது. முட்டுக் கொடுத்த அட்டையை உருவினேன். குமிழி நல்ல பிள்ளையாக நடுவில் வந்து நின்றது. கட்டிலிலும் அப்படியே, அலமாரியிலும் அப்படியே. போனைத் திருப்பிப் பார்த்தால், முதுகில் கேமரா புடைத்துக்கொண்டிருக்கிறது. எங்கே படுக்க வைத்தாலும் அது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டுதான் படுக்கிறது. வீடு என்றைக்கும் நேராகத்தான் இருந்திருக்கிறது.

மாமா ரசமட்டத்தை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பி வைத்துப் பார்த்தார். பிறகு, "நல்லவேளை, பில்டர்கிட்ட போறதுக்குள்ள பார்த்தே" என்றார். இப்போது வீடு வீடாகப் போய் அட்டைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறார். கேட்பவர்களிடம், கட்டடம் தானாகவே சரியாகிவிட்டது என்கிறாராம். மாடி வீட்டம்மா அவருக்கு நன்றி வேறு சொல்லியிருக்கிறார்.

போன் பொய் சொல்லும் என்று தெரிந்ததும் எனக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. அதிலேயே என் முகத்தைப் பார்த்தேன். கோடு இல்லை. கருவளையம் இல்லை. கன்னம் வேறு சிவந்திருந்தது. குளியலறைக் கண்ணாடியில் போய்ப் பார்த்தேன், எல்லாம் அந்தந்த இடத்தில் பத்திரமாக இருந்தன. பாப்பாவைக் கேட்டால், "அது அத்தை படம் எடுக்க போட்டதும்மா. எல்லார் முகத்தையும் அழகாக்கும். அதை நிறுத்தவே தெரியல" என்கிறாள். மாமாவைப் பிடித்து நிறுத்திக் காட்டினாள். ரோஜாக் கன்னத்தோடு கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தார். அவருக்கு அதை எடுக்கவே மனசில்லை.

நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறீர்கள். உங்களுக்கு என்னைக் காட்டாமல் யாரோ ஒருத்தியைக் காட்டியிருக்கிறது இந்தப் போன். உங்களை அநியாயமாகத் திட்டிவிட்டேனே என்று அழுகை வந்துவிட்டது. அதையும் கேமராவில் பார்த்தேன். அழும்போதுகூடப் பளபளவென்றுதான் இருந்தேன்.

பாப்பா பள்ளிக்கூடத்தில் நம் குடும்பத்தை வரைந்தாள். எனக்கு நெற்றியில் கோடுகூட மறக்காமல் போட்டிருக்கிறாள். உங்களைப் போனுக்குள் வரைந்து, அலமாரித் தட்டில் உப்பு ஜாடியில் சாய்த்து வைத்திருக்கிறாள். அப்பாவுக்குக் கால் எங்கே என்று டீச்சர் கேட்டதற்கு, "எங்கப்பா இதுவரைக்கும்தான்" என்று தன் மார்பைத் தொட்டுக் காட்டினாளாம். டீச்சர் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்தது. அந்தத் தம்பி முதலில் கொடுத்ததில் தழும்பு இல்லை. "சும்மாவே சரி பண்ணிக் கொடுத்துட்டேன்க்கா" என்று பெருமையாகச் சொன்னான். எனக்குச் சரி பண்ணாததுதான் வேண்டும் என்று சண்டை போட்டு மறுபடி எடுக்க வைத்தேன். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பவா என்று சந்தேகமாகக் கேட்டான். ஆமாம் என்றேன். உங்கள் கிரேன் அறையில் கண்ணுக்கு நேராக ஒட்டிக்கொள்ளுங்கள். கோடும் கருவளையமுமாக இருக்கிறவள்தான் நான். உடம்புக்கு ஒன்றுமில்லை. அலுத்துப்போயிருக்கிறேன், அவ்வளவுதான். மனசு உங்களைத் தேடுகிறது.

அன்றைக்கு "உங்க இஷ்டம்" என்றேன். அது என் இஷ்டம் இல்லை. இந்த வீட்டை வாங்கத்தானே போனீர்கள்? வாங்கியாகிவிட்டது. கோணலும் இல்லை என்று இப்போது ரசமட்டம் வைத்தே பார்த்தாகிவிட்டது. கையெழுத்துப் போடாதீர்கள். வந்துவிடுங்கள்.

இதற்குப் பதிலைப் போனில் சொல்லாதீர்கள். மாடி வீட்டம்மா காலையில் லிஃப்டில் என்னை வாழ்த்துவார். ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை அழைக்கும்போது, வழக்கம்போல வீட்டுச் சாமான்களைப் பற்றி ஏதாவது கட்டளை போடுங்கள். செருப்பு ஸ்டாண்டில் மேல் தட்டைக் காலி பண்ணு என்று மட்டும் சொன்னால் போதும். மாமா உடனே எழுந்து மட்டம் பார்க்கப் போவார், பார்க்கட்டும். எனக்குப் புரிந்துவிடும்.

ஏறும்போது பார்த்து ஏறுங்கள். காற்று அடிக்கிற நாளில் கைப்பிடியை விடாதீர்கள். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும், தலையிலிருந்து கால்வரைக்கும்.

உங்கள் செருப்புக்கு மேல் தட்டை இன்று காலையிலேயே காலி செய்து துடைத்து வைத்துவிட்டேன். ஆனாலும் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தழும்போடு சேர்த்து
உங்கள் மனைவி