அந்தோனி அண்ணைக்குக் காணாத கறுப்பு

திங்கள்
வெயில் இல்லை, புழுக்கம் மட்டும். அச்சக மெசினில் கறுப்பு மை கால்வாசி. கொழும்பிலிருந்து அடுத்த கிழமைதான் வருமாம். முதலாளி சிரித்துக்கொண்டு சொல்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குருநகர் திரேசா அக்கா வந்தார். கணவர் அந்தோனி அண்ணை செத்து முப்பத்தோராம் நாள் வெள்ளிக்கிழமை. பூசையில் கொடுக்க நினைவு அட்டை முந்நூறு. படம் ஒன்றே ஒன்று. வள்ளத்தில் எடுத்தது, முகத்தில் தொப்பி நிழல்.

"வேறை படம் இல்லையோ அக்கா?"

"அந்தாள் எங்கை பிள்ளை கமராவுக்கு முன்னாலை நிண்டது?"

செவ்வாய்
அப்படியே ஒன்று அடித்துப் பார்த்தேன். முகம் ஒரே கறுப்புத் திட்டு. கண் எது, மீசை எது, தெரியாது. மையும் குடிக்கிறது. கொம்பியூட்டரில் முகத்து நிழலை வெளிச்சமாக்கினேன். கை பழக்கத்தில் கன்னத்தையும் வெளுத்துவிட்டது. எங்கள் ஊர் நினைவு அட்டைகளில் செத்தவர்கள் எல்லோரும் வெள்ளை, கேட்காமலே வெளுப்போம். மை மிச்சம் என்று முதலாளிக்குச் சந்தோசம்.

பாண், தேயிலை, தலையிடிக் குளிசை. வாங்க மறக்கக் கூடாது.

புதன்
திரேசா அக்கா மாதிரியைப் பார்த்தார்.

"உது ஆர் பிள்ளை?"

"அண்ணைதான் அக்கா. கொஞ்சம் வெளிச்சம் போட்டனான்."

"முப்பது வருசம் கடலிலை எரிஞ்ச முகம். உதைப் பாத்து நான் என்னெண்டு அழுறது?"

வெட்கமாகப் போய்விட்டது. அவர் போனதும் முதலாளி, "கறுப்பாக்கினால் மை காணாது, நூறோடை நிண்டிடும்" என்றார். உண்மைதான். சோறு இறங்கவில்லை.

வியாழன்
மழை. இருப்புக் கொள்ளவில்லை. எழும்புவதும் இருப்பதும். அட்டையையே பார்த்தேன். சுற்றிவரத் தடித்த கறுப்புக் கரை, கறுப்புச் சிலுவை, கறுத்த கடல். மை எல்லாம் அங்கேதான் போகிறது, எவ்வளவு மொக்கு நான்! கரையை எடுத்தேன். சிலுவை வெறும் கோடு. கடல் வெள்ளை. கன்னத்துக்குக் கறுப்பைத் திருப்பிக் கொடுத்தேன். கண்ணும் மூக்கும் தெரிய மட்டும் வெளிச்சம்.

"கறுத்தக் கரை இல்லாமல் நினைவு அட்டையோ? சனம் கலியாணக் காட் எண்டு நினைக்கும்!" முதலாளி.

"நினைக்கட்டும்" என்றேன். வாய் கூடத்தான் எனக்கு. மாதிரி அடித்துக் காட்டவும் மை இல்லை. நேரே முந்நூறு. கடைசி ஐந்தில் எழுத்து மங்கல், பரவாயில்லை. அக்கா வேண்டாமென்றால்?

வெள்ளி
பூசைக்கு முன்னமே அக்கா வந்துவிட்டார். ஒரு அட்டையை எடுத்தார். என்னைப் பார்க்கவில்லை. கறுத்த கன்னத்தில் வெள்ளை முள்ளுத்தாடி தெரிந்தது. அதை விரலால் தடவினார்.

"இஞ்சாருங்கோ, சவரம் எடுக்காமலோ படத்துக்கு நிண்டனீங்கள்?"