என் பெயரில் கிடக்கும் உன் வரிகள்

முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து சென்ற வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. பழைய தமிழ் எழுத்துருக்களை யுனிகோடுக்கு மாற்றும் நம் கட்டற்ற மென்பொருளைப் படித்துக்கொண்டிருக்கிறாராம். சிவகாசிக் காலண்டர் எழுத்துரு ஒன்றுக்கு மட்டும் நிரல் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை சோதிக்கிறதே, ஏன் அப்படி எழுதினீர்கள் என்று கேட்டிருந்தார். "ஐயா" என்று போட்டு, என் பெயர் சொல்லி, மரியாதையாகத்தான் கேட்டிருந்தார். எனக்குக் காரணம் தெரியாது. தெரிந்தவன் நீ ஒருத்தன்தான். நீ போய் நாலு வருஷமாகிறது.

நான் சிவகாசிப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். நீ ஆப்செட் பிரஸ்ஸில் டிடிபி ஆபரேட்டர். ஞாயிறு மதியம் சாப்பிட்ட கையோடு தாயில்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவாய். கழிவுத் தாள்களின் பின்பக்கம் பென்சிலால் எழுதிய கட்டு ஒன்று கக்கத்தில் இருக்கும். எந்தச் சாவியை அழுத்தினால் எந்த எழுத்து வரும் என்று பிரஸ் பிரஸ்ஸாக விசாரித்துக் குறித்தது. ஒரு பிரஸ்ஸில் அடித்த தமிழ் பக்கத்துப் பிரஸ்ஸில் திறந்தால் கிறுக்கலாக வருமே, அது உனக்குப் பொறுக்காது.

"அம்புட்டு பேரும் ஆளுக்கொரு பூட்டைப் போட்டு வச்சிருக்கானுவலே. நாம சாவியச் செஞ்சு ரோட்டுல போட்டுருவோம். எவனுக்கு வேணுமோ எடுத்துக்கிடட்டும்" என்பாய்.

நிரல் எழுத உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அடுத்தவன் எழுதி வைத்ததைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாய். நான் செய்ததெல்லாம் உன் வரிகளோடு ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம் சேர்த்து, மென்பொருளின் இணையப் பக்கத்துக்கு என் கணக்கிலிருந்து அனுப்பியதுதான். முதல் முறை அனுப்பும்போதே கேட்டேன், உனக்குத் தனியாக ஒரு கணக்கு ஆரம்பிக்கட்டுமா என்று. சிரித்தாய்.

"எதுக்குலே ரெண்டு? எங்கம்மா அட்டையில நாங்க நாலு பேரு தீப்பெட்டி ஒட்டலையா? வேலை நடந்தாச் சரி. ஒம்பேருலயே போடு."

நம் பக்கத்துப் பழக்கம் அது. கம்பெனி அட்டையில் ஒரு பெயர், அதற்கு அடியில் வீடே உட்கார்ந்து வேலை பார்க்கும். அதையே இதற்கும் பொருத்திவிட்டாய். நான் இன்னொரு தடவை வற்புறுத்தியிருக்கலாம். வற்புறுத்தவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எங்கோ இருக்கிறவர்கள் என் பெயரைப் போட்டு நன்றி எழுதியது எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

அந்த ஐப்பசி தீபாவளி சீசனில், பட்டாசு ஆலைக்குப் போய்க்கொண்டிருந்த உன் அம்மாவுக்குக் காய்ச்சல். ஆள் வராவிட்டால் அட்டையை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவார்கள். அன்றைக்கென்று பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். உனக்குப் பிரஸ் இல்லை. "ஒரு நாளுதானே, நான் போறேன்" என்று வேனில் ஏறிப் போயிருக்கிறாய். மதியம் ஆலை வெடித்த சத்தம் சிவகாசி வரைக்கும் கேட்டது.

அம்மாவை வண்டியில் பின்னால் வைத்து நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். உடம்பு அனலாய்க் கொதித்தது. ஆலைக் கேட்டில் ஒருவர் வருகைப் பதிவேட்டைப் பார்த்து, காணாமல் போனவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார். மூன்றாவதாக உன் அம்மாவின் பெயரை வாசித்தார். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அது நான்தான்யா. நான் இங்கன நிக்கேன். எம்பேருல எம்மவன்ல வந்திருக்கான்!"

"அப்படி ஒரு ஆளு எங்க நோட்டுல இல்லம்மா."

பாய்ந்து அந்த ஆளின் சட்டையைப் பிடித்தேன். "நோட்டுல பேரு இல்லேன்னா ஆளே இல்லையாலே?" என்று கத்தினேன். போலீஸ்காரர்கள் பிய்த்து எடுத்தார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் உன்னை அடையாளம் காட்டியதும் நான்தான். எதை வைத்துக் காட்டினேன் என்பதை எழுதமாட்டேன்.

ஆறு மாதம் கழித்துச் சென்னையில் ஒரு கம்பெனியில் நேர்முகத் தேர்வு. நம் திட்டத்தின் பக்கத்தைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு, "எல்லாம் நீங்கள் எழுதியதா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். நாக்கு கூசவில்லையடா. அந்த வேலையில்தான் இருக்கிறேன். கேட்டில் நின்ற ஆளாவது நோட்டைப் பார்த்துத்தான் நீ இல்லை என்றான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, நீ ஒவ்வொரு வரியாக அடித்ததைக் கண்ணால் பார்த்தவன்.

வந்த மின்னஞ்சலுக்கு மூன்று நாள் பதில் எழுதமுடியவில்லை. பிறகு திட்டத்தின் பக்கத்திலேயே எல்லோருக்கும் பொதுவாக எழுதிவிட்டேன்: இந்த வரிகள் என்னுடையவை அல்ல, எழுதியவன் இறந்துவிட்டான், அவன் ஏன் இப்படி எழுதினான் என்று எனக்குத் தெரியாது. உன் பெயரைப் பங்களித்தோர் பட்டியலில் முதலில் சேர்த்தேன். ஒரு வரிதான். சேர்க்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

சாயங்காலம் உன் அம்மாவுக்குப் போன் செய்தேன். இப்போது வீட்டிலேயே பெட்டி ஒட்டுகிறார்.

"அவன் கம்ப்யூட்டர்ல செஞ்ச வேலைக்கு அவன் பேரப் போட்டாச்சும்மா" என்றேன்.

"அப்படியாய்யா? நல்லாருப்பே" என்றார். பிறகு கேட்டார், "இம்புட்டு நாளும் யாரு பேருலய்யா இருந்துச்சு?"

"எம்பேருலம்மா."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"எம்பேருல செத்தான். ஒம்பேருல உசுரோட இருந்தானாக்கும்" என்றார். "வச்சிரட்டுமாய்யா? கைவேலை கெடக்கு."

அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு, நீ வாங்கிக்கொடுத்த வேலைக்குத்தான் இன்றைக்கும் போய்வந்தேன்.