பதிவேட்டில் நான் எழுதிய உங்கள் பெயர்

என்னை இடுப்பில் சுமந்து வளர்த்த அக்காவுக்கு,

நீங்கள் மறைந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. குப்பாயி என்று நீங்கள் பெயரிட்ட என் மகள் இப்போது ஆசிரியை. சென்ற வாரம், பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய ஒரு மேல்நாட்டுக் கதையை வீட்டில் உரக்கப் படித்துப் பார்த்தாள்.

பறவைகளாகிவிட்ட தம்பிமாரை மீட்க ஒரு பெண் அவர்களுக்குச் சட்டை தைக்கிறாள். முடியும்வரை பேசக் கூடாது. பேசினால் அவர்கள் இறந்துபோவார்கள். ஊர் அவள்மீது பழி சுமத்தித் தீக்கு இழுத்துச் செல்கிறது. அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை. அதற்குமேல் கேட்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

அம்மா இறந்தபோது எனக்கு ஐந்து வயது, உங்களுக்குப் பதினான்கு. பனியன் கம்பெனியில் தைத்து என்னைப் படிக்க வைத்தீர்கள். ஊசி விரலைத் துளைத்த நாளில், கையால் பிசையாமல் கரண்டியால் சோறு போட்டீர்கள். ஏன் என்று நான் கேட்டேனா?

படித்து முடித்து, அதே கம்பெனியில் கணக்குப்பிள்ளையானேன். மாலையில் வாசலில் பெண்கள் சோறு கொண்டுவரும் பாத்திரங்களான போசிகளைத் திறந்து பார்ப்பதும், துணி இருந்தால் பெயரைப் பதிவேட்டில் எழுதுவதும் என் பொறுப்பு. வெட்டி எறிந்த துண்டும் கம்பெனித் துணியே என்பது விதி. அன்று உங்கள் போசியில் உள்ளங்கையளவு வெள்ளைத் துண்டுகள் நான்கு இருந்தன.

“எதுக்குங்கக்கா இது?”

நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். பின்னால் நின்ற மாராத்தாள் சிரித்தார்: “ஏனுங்க கணக்குப்புள்ள, சோறாக்கிப் போட்ட கையவே சோதன போடறீங்களாக்கும்? நாளைக்கு உங்க சோத்துலயும் கம்பெனித் துணி கெடக்கப் போவுது!”

வரிசை முழுதும் சிரித்தது. அக்கா என்பதற்காக விட்டால் நாளை யாரைத் தடுப்பேன்?

“எழுதிக்குங்க சாமி,” என்றீர்கள்.

துண்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, ‘திருட்டு’ என்று எழுதினேன். மறுநாள் முதல் உங்களுக்கு வேலை இல்லை.

இரண்டு மாதம் கழித்து மகள் பிறந்தாள். தொப்புள்கொடி உதிர்ந்த அன்று, மடியிலிருந்து ஒரு சிறு சட்டையை எடுத்தீர்கள். முழுதும் ஒட்டுப்போட்ட துண்டுகள். ஒரு கை இல்லை.

“துணி பத்தாமப் போச்சு கண்ணு.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே?”

“பொறக்கறதுக்கு மின்ன வாய்விட்டுச் சொன்னா ஆகாது. மொதல் ரெண்டு கொழந்தையும் தங்காத ஊடு. குப்பைக்குப் போற துணியப் போட்டாத்தான் எமன் திரும்பிப் பாக்கமாட்டான்.”

மறுநாள் பதிவேட்டைத் திறந்தேன். எழுதியதை அடிக்கக் கூடாது என்பதும் விதி. மூடிவிட்டேன். அந்த விதியை வகுத்தவன் நான்தான் என்று உங்களுக்குத் தெரியுமா, அக்கா?

வேறு எந்தக் கம்பெனியும் உங்களைச் சேர்க்கவில்லை. சாயப்பட்டறைக்குப் போனீர்கள். மூன்றாவது மழைக்காலத்தில் நெஞ்சுச்சளி உங்களைக் கொண்டுபோயிற்று.

சென்ற வாரம் மகள் என் பின்னாலேயே வந்தாள். “ஏனுங்கப்பா, பாதியில எந்திரிச்சுட்டீங்க? கடைசில அவ பேசிருவாளுங்க.”

“உன்ற அத்தைய நெனச்சேன்,” என்றேன்.

“எந்த அத்தை? அந்தத் திருட்டு அத்தைங்களா?”

உறவினர் சொல்லிச் சொல்லி அவள் அறிந்தது அவ்வளவே. இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையும் நான் மறுத்ததில்லை. அன்றும் மறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளை எதிரே அமர்த்தி இக்கடிதத்தை நானே படிப்பேன். அவள் எழுந்து போனாலும், அடுத்த அறையில் கேட்கும்படி உரக்கப் படித்து முடிப்பேன்.

உங்கள் உடன்பிறந்த தம்பி