குளிசையை விட்ட சங்கதி

டோஹா

அன்புள்ள சீலா,

ஆண்டவரின் கிருபையால் நான் சுகம். நீரும் பிள்ளைகளும் மாமியும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். மாமியின் கால்வீக்கம் வற்றிவிட்டதா?

இங்கே ஒரு சின்னச் சங்கதி. பயப்பட ஒன்றுமில்லை. சீனி வருத்தத்துக்குத் தந்த குளிசை வயிற்றைக் குழப்பியதால், வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருப்பதே பெரும்பாடாகிவிட்டது. அதனால் குளிசையை நிறுத்திவிட்டேன். போன கிழமை களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும்போது நெஞ்சு படபடத்துக் கண் இருண்டது. ஆஸ்பத்திரியில் இதயத்தைச் சோதித்துவிட்டு, அடைப்பு எதுவும் இல்லை, சீனிதான் எக்கச்சக்கமாக ஏறிவிட்டது என்றார்கள்.

அங்கே கோபிகா என்றொரு தாதி, எங்கள் ஊர்ப்பக்கம், வட்டுக்கோட்டைப் பிள்ளை. "குடலிலை நல்ல கிருமியளும் இருக்கு அண்ணை. உந்தக் குளிசை அதுகளையும் மாத்தும். பழகுமட்டும் வயிறு குழம்பும்தான். அதுக்காக நீங்களா நிப்பாட்டிறதே? சீனி ஏறினால் இதயத்துக்கெல்லோ கூடாது" என்றாள்.

"ஓம் தங்கச்சி" என்றேன். போகலாம் என்று சொன்ன பிறகும், அவள் கதைப்பதைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன்.

இப்போது மெதுவாகக் கரையும் குளிசை தந்திருக்கிறார்கள். வயிறு பரவாயில்லை. என் அறையில் இருக்கும் டிலக்ஷன் ஊருக்கு வருகிறான். அவன் திரும்பும்போது புட்டு அவிக்க வறுத்த குரக்கன் மா கொஞ்சம் கொடுத்துவிடும். இன்னொன்று, போன் எடுக்கும்போதெல்லாம் "குளிசை போட்டாச்சோ?" என்று கேளும். நான் மறக்கமாட்டேன். ஆனாலும் கேளும்.

பஸ்காரன் வந்து ஹோர்ன் அடிக்கிறான். போகிறேன்.

ஐசாக்